பழைய இரும்பு என்போருக்கு

நொறுங்கிக் கிடக்கும் வான் ஒன்றுக்கு நம் நாட்டில் இரண்டு விலைகள் உண்டு. பழைய இரும்பு வாங்குபவர் அதனைத் தராசிலே போட்டு, கிலோ ஒன்றுக்கு இவ்வளவு எனச் சொல்லும் விலை ஒன்று. கராஜிலே கையெல்லாம் கறுப்பெண்ணெய் படிந்து நிற்கும் பாஸ், எஞ்சினைச் சுழற்றிப் பார்த்து, எண்ணெயைத் தொட்டுப் பார்த்து, அதனுள் இன்னும் எத்தனை ஆண்டு உயிர் கிடக்கின்றது என மதித்துச் சொல்லும் விலை மற்றொன்று. முதல் விலைக்குத் தராசு போதும்; இரண்டாம் விலைக்கு அறிவு வேண்டும். ஆயினும் படித்தவர் எனப்படுவோரிற் பலர் தராசின் விலையையே மெய்விலை எனக் கொள்கின்றனர். மற்றையது அவர்களுக்கு ஒட்டுவேலை, ஏழையின் தந்திரம், ‘பழைய இரும்பு வியாபாரம்.’

இவர்களை மறுக்கவே இக்கட்டுரையை எழுதுகின்றோம். இவர்களோடு இன்னொரு கூட்டத்தாரையும் மறுக்க வேண்டியுள்ளது. உடைந்த வானின் எஞ்சின் இன்னொரு வானில் உறுமுவதைக் கேட்டு, “ஆகா, எமது மக்களின் திறமையே திறமை!” என மெச்சிவிட்டு, அம்மக்களின் கூலியைப் பற்றியோ வாழ்வைப் பற்றியோ ஒரு வார்த்தையும் பேசாது போகும் இரசிகர்களே அவர்கள். இகழ்ச்சியால் விளையும் கேட்டுக்கு இந்த வெறும் புகழ்ச்சியால் விளையும் கேடு குறைந்ததன்று.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிய மணற்பரப்பு எழுவான்கரை. வாவிக்கு மேற்கே வயலும் குளமும் காடுமாக விரிந்து செல்வது படுவான்கரை. நெல்லும் பாலும் பெரும்பாலும் அங்கிருந்து வருகின்றன. பெரிய ஆஸ்பத்திரியும் கந்தோர்களும் பெருஞ்சந்தைகளும் இங்கே உள்ளன. மண்முனையில் யப்பானின் உதவியோடு கட்டப்பட்ட பாலம் 2014இல் திறக்கப்படும்வரை, கொக்கட்டிச்சோலைப் பக்கத்து மக்கள் அத்துறையிலே படகுப் பாதைக்குக் காத்து நின்றனர். இத்தகைய நிலத்தில் வான் ஓர் ஆடம்பரப் பொருளன்று. காலையிலே பிள்ளைகளைப் பாடசாலைக்கும், பகலிலே மூட்டைகளைச் சந்தைக்கும், இரவிலே பேறுகாலப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கும் ஏற்றிச் செல்வது அதுவே. ஊரில் ஓடும் ஒரே வானின் எஞ்சின் நின்றுவிட்டால் அந்த ஊரே வாவியின் அக்கரையில் நின்றுவிடுகின்றது. உடைந்த வண்டியிலிருந்து எஞ்சினை மீட்கும் வேலையை நாம் இந்தக் கண்கொண்டு நோக்க வேண்டும்.

அவ்வேலைதான் யாது? சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏனெனில் இகழ்வோர் ஒருநாளும் நிதானமாகப் பார்த்ததில்லை.

கரையோர வீதியிலே வான் ஒன்று லொறியோடு மோதி முகம் நசுங்கிவிட்டது எனக் கொள்வோம். திருத்தும் செலவு வண்டியின் பெறுமதியை மிஞ்சும் எனக் காப்புறுதிக் கம்பனி கணக்கிட்டு, அதனைக் கழித்துவிட்டு, கூட்டை விற்கின்றது. நம் வீதிகளில் ஓடும் பழைய டொயோட்டா டவுன்ஏஸ், லைட்ஏஸ், ஹைஏஸ் வான்களில் எஞ்சின் மூக்கிலே இருப்பதில்லை. முன்னிருக்கைகளின் கீழே இருக்கின்றது. ஆதலால் கண்ணாடியும் றேடியேற்றரும் தூளான வண்டியிலும் எஞ்சினின் வார்ப்புடல் பல வேளைகளில் தப்பிக் கிடக்கும். அதே வேளையில் படுவான்கரைக் கிராமம் ஒன்றிலே, உடல் நல்லதாயும் எஞ்சின் கொதித்து வெடித்ததாயும் வேறொரு வான் நிற்கின்றது. இரண்டையும் ஒன்றாக்குவது பாஸின் வேலை.

அவர் கேட்கும் முதற் கேள்வி, மோதியபின் எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியது என்பது. றேடியேற்றர் உடைந்து தண்ணீர் போனபின் சில நிமிடங்கள் ஓடியிருந்தாலும் சிலிண்டர் ஹெட் வெப்பத்தால் வளைந்திருக்கலாம். எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்க்கின்றார். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முன் கப்பியிலே சாவியைப் பொருத்தித் தண்டைக் கையாற் சுழற்றுகின்றார்; எங்கே இறுகுகின்றது, எங்கே இளகுகின்றது எனக் கை சொல்கின்றது. நான்கு சிலிண்டர்களிலும் அமுக்கத்தை அளந்து, அவை ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா எனப் பார்க்கின்றார். பழைய டவுன்ஏஸ்களில் வந்த ‘டூ சீ’ எனும் 1974 கன சென்ரிமீற்றர் டீசல் எஞ்சினாயின், டைமிங் பெல்ட் எவ்வளவு நல்லதாய்த் தோன்றினும் கழற்றி எறிந்து புதியதைப் போடுகின்றார். அது ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் அழிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியும்.

இவ்வளவும் மதிப்பீடுதான், பொருத்தும் வேலை இனித்தான் வருகின்றது. எஞ்சினைத் தாங்கும் பிடிகள் புதிய வண்டியின் துளைகளுக்கு ஒத்து வருமா? கிளச்சுத் தட்டின் பற்கள் கியர்ப்பெட்டியின் தண்டுக்குப் பொருந்துமா? எண்ணெய்த் தொட்டி குறுக்குச் சட்டத்தில் முட்டுமா? பின்சில்லுக்குச் செல்லும் தண்டு சரிந்த கோணத்தில் நின்று அதிர்வு கொடுக்குமா? டீசற் குழாயிலே அடைபட்ட காற்றை எங்கே திறந்து வெளியேற்றுவது? கேள்விக்குக் கேள்வி விடை காண வேண்டும். ஒரு விடை தவறினும் எஞ்சின் மீண்டும் கீழே இறங்க வேண்டியதே. பழகும் பொடியனிடம், “காதைக் குடுத்துக் கேள் மனே” என்கின்றார் மூத்தவர். அந்தக் காதுக்குப் பின்னால் முப்பது ஆண்டுப் பயிற்சி இருக்கின்றது.

ஆசிரிய நண்பர்களே, பாடசாலைப் பௌதிகவியலில் அமுக்கம், கனவளவு, வெப்பநிலை என மூன்றையும் தொடர்புபடுத்திப் படம் வரைந்து காட்டுகின்றீர்களே, அந்தப் படம் இதோ இங்கே புகை விட்டுக்கொண்டு நிற்கின்றது! 1897இல் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரிலே ருடோல்ப் டீசல் ஓட்டிக் காட்டிய தத்துவத்தைப் பரீட்சையில் எழுதுபவன் அறிவாளி எனின், அதனைக் கையால் உயிர்ப்பிப்பவன் எப்படிக் கூலியாள் மாத்திரம் ஆவான்?

எஞ்சினின் வார்ப்பிரும்பை எடைக்கு விற்பது பொருளாதாரம் அறியாதோர் செயல் என்பதையும் சொல்ல வேண்டும். அதன் சிலிண்டர்கள் மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அளவுக்குத் துல்லியமாய்க் கடையப்பட்டவை. சுரங்கத்தில் மண் வெட்டியவன், உலையில் உருக்கியவன், கடைசற் பொறியில் நின்றவன் ஆகிய எத்தனையோ தொழிலாளரின் உழைப்பு அதில் உறைந்து கிடக்கின்றது. உருக்கினால் இரும்பு மிஞ்சும், உழைப்பு அழியும். உறைந்த உழைப்பை உயிருள்ள உழைப்புத் தொட்டாலன்றி இயந்திரம் கறள் பிடித்தே சாகும் என்ற கருத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலில் விளக்கினார். வாவிக்கரைக் கராஜிலே நாள்தோறும் அக்கருத்து மெய்ப்பிக்கப்படுகின்றது. அந்நூலைப் படித்த நம்மிற் பலர் அக்கராஜைக் கடந்தே பஸ் ஏறுகின்றோம்.

இனி, இத்திறமை எங்கிருந்து வந்தது எனக் கேட்போம். இரசிகர்கள் உடனே விடை சொல்வர்: “போர் கற்றுக் கொடுத்தது, தட்டுப்பாடு கற்றுக் கொடுத்தது.” இவ்விடையில் பாதி உண்மை உண்டு. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குப் பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டது. யாழ்ப்பாணத்திலே சில துளி பெற்றோல் ஊற்றிக் கிளப்பி, மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டினர். மட்டக்களப்பிலோ தடை வாவியின் நடுவே நின்றது. 2007 வரை படுவான்கரையின் பெரும்பகுதி ஒருவர் கையிலும் எழுவான்கரை மற்றவர் கையிலும் இருந்தன; எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகமும் சோதனைச் சாவடியின் தயவில் வாவியைக் கடந்தன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது, உப்பு நீர் புகுந்த எஞ்சின்களைக் கழற்றி, கழுவி, மீட்கக் கூடியதை மீட்டவர்களும் இக்கைவினைஞர்களே. பின்னர் 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022 ஏப்பிரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதெனக் கையை விரித்தது. தனியார் வாகனங்களுக்கு இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள், உள்ள வண்டியையே உயிரோடு வைத்திருக்க வேண்டியதாயிற்று. உயிரோடு வைத்திருந்தவர் யார்? நிதி அமைச்சின் நிபுணர்களா?

ஆனால் தடையையும் போரையும் குருவாகக் கொண்டாடுவதை நாம் ஏற்க மாட்டோம். பசி சமையலைக் கற்றுத் தருவதில்லை. இருந்த அரிசியைப் பங்கிடவே கற்றுத் தருகின்றது. கியூபாவைப் பாருங்கள். 1962இல் அமெரிக்கா முழுத் தடையை விதித்தபின், புரட்சிக்கு முன்பு வந்த அமெரிக்கக் கார்களில் வேறு நாட்டு எஞ்சின்களைப் பொருத்தி அம்மக்கள் ஓட்டி வருகின்றனர். உல்லாசப் பயணிகள் அவற்றின் பக்கத்தில் நின்று படம் பிடித்துச் செல்கின்றனர். அத்திறமையைப் போற்றுவோம், அதற்காகத் தடையைப் போற்றலாமா? அவ்வாறே, “நம்மவர் எதையும் சமாளிப்பார்” என்ற புகழ்மாலை, நம்மவருக்கு எதையும் கொடுக்க வேண்டியதில்லை என்ற முடிவுக்கே ஆள்வோரை இட்டுச் செல்கின்றது. தடைக்கும் போருக்கும் முன்பே இங்கே திறமை இருந்தது. தடை செய்ததெல்லாம், அத்திறமைக்கு நல்ல கருவியும் நல்ல உதிரியும் கிட்டாமற் செய்ததே.

இகழ்ச்சிக்கும் ஒரு வரலாறு உண்டு. கையால் உழைப்பவன் தாழ்ந்தவன், கணக்கெழுதுபவன் உயர்ந்தவன் என்ற எண்ணத்தைச் சாதி நமக்கு விதைத்தது. குடியேற்றவாட்சியின் உத்தியோகக் கல்வி அதற்கு நீரூற்றி வளர்த்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்து ஏழையின் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது, அது பெருவெற்றி. ஆயினும் பாடசாலைக்குள் புகுந்த பிள்ளைக்கு நாம் சொல்லிக்கொடுத்தது யாது? “படிக்காவிட்டால் கராஜுக்குத்தான் போவாய்!” என்று வகுப்பிலே மிரட்டுகின்றோமே, அந்த ஒரு வாக்கியத்தில் எத்தனை தந்தையரை அவர்தம் பிள்ளைகள் முன்னே அவமதிக்கின்றோம் என எண்ணிப் பார்த்தோமா?

இம்மண்ணின் பெருமகன் ஒருவரை இங்கே நினைவூட்ட விரும்புகின்றோம். காரைதீவிலே 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், இளமையிலே கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்றவர், இரசாயனம் கற்பித்தவர், 1929இல் கல்லடியிலே சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியவர். அழிந்தொழிந்த யாழ் என்னும் கருவியின் வடிவையும் நரம்பையும் சுருதியையும், சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் சிதறிக் கிடந்த சொற்களிலிருந்து கணிதத்தின் துணையோடு மீட்டெடுத்து, 1947இல் ‘யாழ்நூல்’ எனத் தந்தார். சிதைந்ததன் எச்சத்திலிருந்து முழுமையை உய்த்தறிவது எத்துணைப் பெரிய அறிவு என்பதற்கு அந்நூல் சான்று. அடிகளின் சிலைக்கு மாலையிடும் கைகள், சிதைந்த வானிலிருந்து ஓடும் வானை உண்டாக்கும் கைகளைக் கண்டு முகஞ்சுளிப்பது என்ன நியாயம்? இரண்டும் ஒரே தரத்தன என நாம் வாதாடவில்லை. இரண்டுக்கும் அடிப்படையான அறிவு ஒரே இனத்தது என்றே சொல்கின்றோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எழுவான்கரையிலே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வருகின்றன. 1990 ஆகஸ்டிலே காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும், செப்டெம்பரிலே சத்துருக்கொண்டானிலும் அப்பாவிகளின் இரத்தம் ஓடியதை எவரும் மறக்க முடியாது, மறக்கவும் கூடாது. ஆயின் எஞ்சின் ஒன்றுக்குச் சாதியும் மதமும் இல்லை. காத்தான்குடிக் கடையில் வாங்கிய உதிரி ஆரையம்பதிக் கராஜில் பொருந்துகின்றது. அங்கே கிடைக்காதது கொழும்புப் பஞ்சிகாவத்தையின் சிங்கள வியாபாரியிடமிருந்து பஸ்ஸிலே வருகின்றது. ‘பாஸ்’ என்ற சொல்லே மூன்று சமூகத்தவரும் வழங்கும் சொல். மேடையில் ஒற்றுமை பேசுவோர், ஒற்றுமை ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் இடத்தை ஒருமுறை வந்து பார்க்கட்டும்.

எதிர்வாதம் ஒன்றைக் கேட்கின்றோம். “திருட்டு எஞ்சின்கள் இவ்வழியால் அல்லவா விலைபோகின்றன? பொருந்தாத எஞ்சினைப் போட்டு உயிர்ப்பலி கொடுப்போரும் இல்லையா?” உண்டு, மறுக்கவில்லை. சிறிய வானிலே, ஹைஏஸின் 2779 கன சென்ரிமீற்றர் எஞ்சினைத் திணித்து, பிறேக்கை மட்டும் பழையபடி விட்டவன் குற்றவாளியே. ஆகவேதான் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் எஞ்சின் இலக்கம் பதிவில் இருக்கின்றது. எஞ்சினை மாற்றியவர் அறிவித்துப் பதிவைத் திருத்த வேண்டும். சட்டம் வேண்டும் என்பதே எமது கட்சி. ஆயின் கூட்டை ஏலத்தில் எடுத்தவர் எஞ்சினைத் துண்டின்றி விற்றால், அதனை நேர்மையாய் வாங்கிய ஏழைச் சாரதி எந்தத் துண்டைக் கந்தோரில் காட்டுவான்? விற்பவனை விட்டுவிட்டு வாங்குபவனை மறிக்கும் முறை திருடனைத் தடுப்பதில்லை. நேர்மையாளனைத் திருடனின் வரிசையில் நிறுத்துகின்றது. கழிக்கப்பட்ட வண்டி ஒவ்வொன்றும் விற்கப்படும்போதே எஞ்சின் இலக்கத்தோடு சான்றிதழ் வழங்கப்படட்டும். பரிசோதகர் மாதம் ஒருமுறையேனும் படுவான்கரைக்கு வந்து, பொருத்திய எஞ்சினையும் பிறேக்கையும் பார்த்துக் கையொப்பமிடட்டும்.

“அவர்களுக்குச் சான்றிதழ் இல்லையே” என்பது அடுத்த வாதம். அனுபவத்தால் கற்றவரைச் சோதித்துத் தேசிய தொழிற்தகைமை வழங்கும் வழி நாட்டில் உண்டு. வழி இருப்பது வேறு. அவ்வழியே நடக்கப் பொழுதும் கூலியும் இருப்பது வேறு. ஒருநாள் கராஜைப் பூட்டினால் ஒருநாள் அடுப்பு எரியாதவனிடம், படிவத்தை நிரப்பிக்கொண்டு வா என்பது கேலி. சோதனை கராஜுக்கு வர வேண்டும். கூலியின்றி ‘பழகும்’ பொடியன்களின் நிலையையும் மூடி மறைக்க மாட்டோம். வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. அந்த வயதைக் கடந்தவனுக்கு முறையான பயிற்சிப் படியும், கண்ணுக்கும் கைக்கும் காப்பும் உரிமையாக வேண்டும். கழற்றிய எஞ்சினின் கறுப்பெண்ணெய் வாய்க்கால் வழியே வாவியில் கலப்பதும் குற்றமே. வாவியை நம்பி வலை வீசுபவனும் தொழிலாளிதான் என்பதைக் கராஜ் மறக்கலாகாது. எண்ணெயைச் சேகரிக்கும் ஏற்பாட்டைச் செய்யாத நகரசபைகளும் பிரதேச சபைகளும் அதனை மறக்கலாகாது.

புதிதாய் ஒரு பகையும் வந்துள்ளது. பழைய எஞ்சின் சாவிக்கும் சுத்தியலுக்கும் பணிந்தது. புதிய வண்டியின் எஞ்சினோ கணினிப் பெட்டியின் கட்டளைக்கே பணிகின்றது. சாவியிலுள்ள சில்லை அப்பெட்டி அடையாளம் காணாவிடில், பழுதற்ற எஞ்சினும் பிணமாய்க் கிடக்கின்றது. திருட்டைத் தடுக்க இது வந்தது என்பர். இருக்கலாம். ஆனால் அப்பூட்டின் திறவுகோலைக் கம்பனி தன் மடியில் கட்டிக்கொண்டால், பணம் கொடுத்து வாங்கியவனுக்கு அவ்வண்டி முழுதும் சொந்தமாகுமா? அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநில மக்கள், வண்டியைத் திருத்துவதற்கான தகவலைக் கம்பனிகள் வெளியார் கராஜுகளுக்கும் தரவேண்டும் என 2012இல் வாக்களித்தனர். இந்திய அரசாங்கம் 2022இல் திருத்தும் உரிமைக்கென ஒரு தளத்தைத் திறந்து, அதில் மோட்டார் வாகனங்களையும் சேர்த்தது. முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே மக்கள் கேட்டு வாங்கும் உரிமையை, கடன்பட்ட சிறு நாடாகிய நாம் கேட்கவும் கூசுவதேன்? 2025இல் திறந்த கதவு வழியே வந்திறங்கும் வண்டிகள் ஒருநாள் நம் வீதிகளில் நொறுங்கும். அன்று அவற்றின் எஞ்சினை நம் பாஸ் மீட்பாரா, அல்லது தராசுதான் மீட்குமா என்பது இன்று நாம் எழுப்பும் குரலைப் பொறுத்தது.

ஆசிரியர்களையும் மாணவர்களையும் நோக்கியே நாம் முடிவாகப் பேசுகின்றோம். வெப்பவியல் பாடத்தை நடத்தும் வாரத்தில் ஒரு நாளேனும் வகுப்பைக் கராஜுக்கு அழைத்துச் செல்லுங்கள். தொழில்நுட்பக் கல்லூரியிலே மூத்த பாஸ் ஒருவர் ஆசிரியரின் ஊதியத்தோடு கற்பிக்க வேண்டும் எனக் கோருங்கள். உழவனையும் மீனவனையும் எழுதிய நம் எழுத்தாளர்கள், எண்ணெய் படிந்த இம்மனிதனையும் எழுதட்டும். மாணவ நண்பர்களே, நீங்கள் குறிப்பேட்டோடு சென்று, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பழுது, எந்த எஞ்சின் எந்த உடலுக்கு ஒக்கும், ஒக்கச் செய்வது எப்படி என்று அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் தமிழிலேயே எழுதி வாருங்கள். முப்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவர் கட்டாருக்கு விமானம் ஏறும்போதும், அல்லது கண்மூடும்போதும், எழுதப்படாத ஒரு நூலகம் நம்மை விட்டுப் போகின்றது. அதனை ஏட்டில் ஏற்றுவது படித்தவரின் கடன்.

அக்கடனைச் செலுத்தும்வரை, பழைய இரும்பு எது என்ற கேள்வி நம் முன்னே நிற்கும். கராஜின் முற்றத்திலே கிடக்கும் எஞ்சினில் இன்னும் உயிர் இருக்கின்றது. கறள் பிடித்துக் கிடப்பது, கையுழைப்பைக் கீழாகக் காணும் நமது கண்ணே. முதலில் அதனைத் திருத்துவோம்.